பாட்டு கேட்டால் குறைமாதப் பிள்ளை பால் குடிக்குமா?

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரில் போட்ட சிறிது நேரத்தில் தானே தேடிப் பற்றிக்கொள்ளும். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அதுவே பெரும்பாடு. உறிஞ்ச வேண்டும், வாயில் சேர்ந்ததை விழுங்க வேண்டும், விழுங்கும்போது மூச்சை நிறுத்தி, விழுங்கியதும் மறுபடி இழுக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரு தாளத்துக்குள் வருவது கருவின் வயது 34 வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் அவசரப்பட்டால் புரையேறும், உடம்பு நீலம் பாயும், இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும்.

அதனால்தான் நம் மருத்துவமனைகளில் படிப்படியாகப் போகிறார்கள். 28 வாரத்துக்கும் குறைவாகப் பிறந்தால் முதலில் நரம்பு வழியே திரவம். 28 முதல் 31 வாரம் வரை இரைப்பைக்குள் இறக்கிய டியூப் வழியே தாய்ப்பால். 32 முதல் 34 வாரம் வரை பாலாடையிலோ கரண்டியிலோ சொட்டுச் சொட்டாகப் புகட்டுவது. அதன் பிறகு நேரடியாகத் தாயின் மார்பு. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பாலாடையும் சங்கும் இந்திய மருத்துவ வழிகாட்டுதல்களில் அதிகாரபூர்வ இடம் பெற்றிருப்பது நல்ல விஷயம். பாட்டிலை விடச் சுத்தம் செய்வது எளிது, குழந்தை தன் வேகத்தில் குடிக்கவும் முடிகிறது.

மூச்சு சீராகிவிட்டது, தொற்று இல்லை, மஞ்சள் காமாலை தணிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். டியூப் இல்லாமல் முழுப் பாலையும் குடிக்க வேண்டும், நாள்தோறும் எடை ஏற வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரங்கள் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் கழிகின்றன. இசை இந்தக் காத்திருப்பைக் குறைக்குமா என்பதுதான் கடந்த 35 ஆண்டுகளாகப் பல நாடுகளில் கேட்கப்பட்டு வரும் கேள்வி. இதுவரை கிடைத்த பதில்களைப் பார்த்து, நம் பக்கத்துக்கு எது பொருந்தும் என்று சொல்ல முயல்கிறேன்.

நம் பக்கம் என்று நான் சொல்வது சோழபுரம், சேத்தூர், தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம். இங்கே மாதம் குறைந்து ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை. எடை மிகக் குறைவு, மூச்சுத் திணறல் என்றால் 108-இல் ஏற்றி விருதுநகருக்கோ, சுமார் 85 கி.மீ. தள்ளியிருக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, தெற்கே நெல்லைக்கோ அனுப்புவார்கள். பெற்றவளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் அவள் இங்கே படுத்திருப்பாள், பிள்ளை அங்கே இருக்கும். தகப்பன் இரண்டு ஊருக்கும் இடையில் அலைவான். அம்மாச்சியோ அப்பத்தாவோ வார்டு வாசலில் பாய் விரித்துக் கிடப்பாள். இந்த நாட்களில் அந்தக் குழந்தையின் காதில் விழும் மனிதக் குரல்களில் அதற்குப் பழக்கமான குரல் ஒன்றுகூட இருக்காது. மேலே சொன்ன கேள்வியின் கரு இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இது ஒன்றிரண்டு குடும்பங்களின் பாடு இல்லை. 2020-இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட அதிகம். தமிழ்நாடு குழந்தை இறப்பைக் குறைத்ததில் முன்னால் நிற்கும் மாநிலம்: 2020 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 13, அதே ஆண்டு இந்திய சராசரி 28. உயிரைக் காப்பாற்றுவதில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட மாநிலம், காப்பாற்றிய பிள்ளை எப்படி வளர்கிறது என்ற அடுத்த கேள்விக்கு நியாயமாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

இன்குபேட்டர் பெட்டிக்குள் கேட்பது என்ன

கருவின் செவி 24, 25 வாரங்களில் வேலை செய்யத் தொடங்குகிறது. உள்ளே அது கேட்பது தாயின் இதயத் துடிப்பு, ரத்தம் பாயும் ஓசை, குடலின் இரைச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் குரல். வெளிக் குரல்கள் மங்கித்தான் போய்ச் சேரும். தாயின் குரல் அவள் உடம்பு வழியாகவே இறங்குகிறது. மாதம் குறைந்து பிறந்த குழந்தை இந்த ஓசைகளை ஒரே நாளில் இழந்துவிடுகிறது. பதிலுக்கு அதற்குக் கிடைப்பது மானிட்டரின் அலாரம், வென்டிலேட்டர் காற்று, சளி உறிஞ்சும் கருவி, குப்பைத் தொட்டி மூடி விழும் சத்தம், செல்போன். பெட்டியின் கைத்துளைக் கதவை டப்பென்று மூடினால் வெளியே நிற்பவருக்கு அது பெரிதில்லை. உள்ளே அது அதிர்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997-லேயே இந்த வார்டுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. உலகில் பெரும்பாலான வார்டுகள் இன்றும் அதைத் தாண்டுகின்றன.

அப்படியானால் முழு அமைதிதான் நல்லதா? அதற்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தனியறையில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகளையும் பொது வார்டில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2014-இல் வந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது: இரண்டு வயதில் தனியறைக் குழந்தைகளின் மொழித்திறன் குறைவாக இருந்தது. பெற்றோர் அதிக நேரம் வந்து இருக்க முடியாத இடத்தில் தனியறை என்பது வெறுமை. இரைச்சல் போக வேண்டும், ஆனால் பேச்சும் கூடப் போய்விடக் கூடாது. வார்டின் சத்தத்தைக் குறைக்காமல் அதன் மேல் ஒரு ஸ்பீக்கரில் பக்தி இசையையோ வீணையையோ ஒலிக்க விடுவது இரைச்சலைக் கூட்டுவதுதான். நல்லெண்ணத்தோடு பல இடங்களில் நடக்கும் தவறு இது.

ஆய்வுகள் வந்த வழி

எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டது 1980-இல் வந்த ஓர் ஆய்வு. டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், பிறந்து சில நாட்களே ஆன நிறைமாதக் குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சூப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். தாயின் குரல் வரும்படி குழந்தைகள் தாங்கள் சூப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. உறிஞ்சுதல் குழந்தையின் கட்டுப்பாட்டில் உள்ள செயல், ஒரு குரலுக்காக அதை அது மாற்றிக்கொள்ளும் என்பது அன்று தெரிந்தது.

1991-இல் 52 குழந்தைகளை வைத்துக் கெய்ன் என்பவர் செய்த ஆய்வில், தாலாட்டு கேட்ட குழந்தைகளின் தொடக்க எடை இழப்பு குறைந்தது, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் சராசரியாக ஐந்து குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் பலரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

பிறகு ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெய்ன் ஸ்டான்ட்லி, உணர்வி பொருத்திய சூப்பான் ஒன்றை உருவாக்கினார். குழந்தை போதிய வலுவோடு உறிஞ்சினால் சில நொடிகள் தாலாட்டு ஒலிக்கும். நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். உறிஞ்சுவதைக் குழந்தை பயிற்சி போலக் கற்றுக்கொள்கிறது. 68 குழந்தைகளை வைத்து அவர் 2010-இல் வெளியிட்ட முடிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 34 வார வயதில் இதைக் கொடுத்தபோது டியூப் தேவைப்பட்ட காலம் குறைந்தது. ஒரு முறை கொடுத்ததைவிட மூன்று முறை கொடுத்தது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஆனால் 32 வாரத்தில் கொடுத்த குழந்தைகளுக்கு டியூப் காலம் கூடியது. பக்குவம் வருவதற்கு முன்னால் தூண்டினால் பலன் எதிர்த்திசையில் போகலாம். இசை தீங்கே செய்யாது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சூப்பானில் தாயின் குரலைச் சேர்த்தால் என்ன ஆகும்? நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் மருத்துவமனையில் 94 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். தாய்மார்கள் தாங்களே பாடிய தாலாட்டைப் பதிவு செய்து, நாளுக்கு 15 நிமிடம், ஐந்து நாட்கள். பாட்டு கேட்ட குழந்தைகள் நிமிடத்துக்கு 2 மில்லி குடித்தன, மற்றவை 0.9 மில்லி. முழுதும் வாய் வழியே குடிக்கும் நிலைக்கு அவை வந்து சேர்ந்தது 31 நாளில். மற்றவை 38 நாளில். ஏழு நாள் வித்தியாசம். மதுரை மருத்துவமனை வாசலில் பாய் விரித்துக் கிடக்கும் ஒரு அப்பத்தாவுக்கு ஏழு நாள் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

பால் குடிப்பது பற்றிப் பேசும் இன்னொரு பெரிய ஆய்வு, நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஜோன் லோவி தலைமையில் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளோடு நடந்து 2013-இல் வெளிவந்தது. இதில் பதிவு செய்த இசை கிடையாது. பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் குழந்தையின் பக்கத்தில் நின்று, அதன் மூச்சையும் துடிப்பையும் பார்த்து, அந்த வேகத்துக்கு ஏற்பச் செய்வார். மூன்று வகை: கருப்பை இரைச்சலைப் போல ஒலிக்கும், மணிகள் நிறைந்த ஒரு வட்டத்தட்டு, இதயத் துடிப்பைப் போல விரலால் தட்டும் மரப்பெட்டி, பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைத் தாலாட்டு நடைக்கு மாற்றிப் பாடுவது. மரப்பெட்டித் தாளத்தில் உறிஞ்சுதல் மேம்பட்டது. பெற்றோர் தேர்ந்த பாட்டில் உறிஞ்சுதலோடு குழந்தைக்குள் போன கலோரியும் கூடியது. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது. மூன்றாவதை லோவி உறவுக்காரப் பாட்டு என்றே அழைத்தார். தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்த பாட்டாகவோ, அந்தத் தம்பதிக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டாகவோ அது இருக்கலாம். குழந்தைக்கென்று எழுதப்பட்ட பாட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நேரில் பாடுவதற்கும் பதிவுக்கும் வித்தியாசம் உண்டா என்று இஸ்ரேலில் ஷ்முவேல் அர்னோன் 31 குழந்தைகளிடம் பார்த்தார். 2006-இல் வந்த முடிவு: நேரில் பாடியபோது மட்டும், பாடி முடித்து அரை மணி நேரம் கழித்தும் இதயத் துடிப்பு தணிந்திருந்தது, தூக்கம் ஆழமாக இருந்தது. பதிவு அதைச் செய்யவில்லை. எண்ணிக்கை சிறியது என்றாலும் கொள்ள வேண்டிய செய்தி.

ஜெனீவாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் பெட்ரா ஹூப்பியின் குழு, சுவிட்சர்லாந்து இசையமைப்பாளர் ஆண்ட்ரியாஸ் வோலன்வைடரிடம் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே இசை அமைத்துத் தரச் சொன்னது. எழும்போது, விழித்திருக்கும்போது, தூங்கப் போகும்போது என்று எட்டு எட்டு நிமிடத்தில் மூன்று துண்டுகள். பல கருவிகளைக் குழந்தைகளிடம் வாசித்துப் பார்த்தபோது அவற்றை அதிகம் ஈர்த்தது நம் பாம்பாட்டிகள் ஊதும் மகுடி! கலவரப்பட்டு அழுத குழந்தைகள்கூட மகுடி ஓசையில் அடங்கிக் கவனித்தன. மகுடி, யாழ் போன்ற ஹார்ப், மணிகள் மூன்றையும் கொண்டு அந்த இசை அமைந்தது. அதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூளையின் பகுதிகளுக்கு இடையிலான தொடர்புகள் நிறைமாதக் குழந்தைகளுடையதை நெருங்கியிருந்தன என்று 2019-இல் எழுதினார்கள். மூச்சு விடாமல் ஒரே சீராக இழையும் ஒலி என்பதால் மகுடி பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்த ஆய்வு மூளையைப் பற்றியது, பால் குடிப்பதைப் பற்றியது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

தராசின் மறு தட்டு

இவ்வளவையும் படித்துவிட்டு இசை நிரூபணமான சிகிச்சை என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. 2016-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழந்தையின் மூச்சு வேகத்திலும் தாயின் பதற்றத்திலும் நல்ல பலன் தெரிகிறது என்றார்கள். 2023-இல், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகள், 1,532 குழந்தைகள், 691 பெற்றோர் என்று இன்னும் கறாராக அலசியது. ஆக்ஸிஜன் அளவில் முன்னேற்றம் இல்லை. பாட்டு முடிந்த பிறகு இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் நான்கு குறைகிறது. இதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வளர்ச்சி, பெற்றோர் பதற்றம் ஆகியவற்றில் உறுதியான பலன் காட்ட முடியவில்லை.

அதே 2023-இல் நார்வே ஆய்வாளர்கள் தலைமையில் அர்ஜென்டினா, கொலம்பியா, இஸ்ரேல், போலந்து உட்பட ஐந்து நாடுகளில் 213 குடும்பங்களோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பெற்றோருக்குப் பாடக் கற்றுக்கொடுத்து, குழந்தைக்கும் தாய்க்குமான பிணைப்பு ஆறு மாதத்தில் கூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கூடவில்லை. வழக்கமான பராமரிப்பு பெற்ற குடும்பங்களிலும் பிணைப்பு அதே அளவு நன்றாகவே இருந்தது.

இந்த முடிவுகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் வேண்டிய நேரமெல்லாம் குழந்தையோடு இருக்க முடிகிற மருத்துவமனையில், பாட்டைச் சேர்ப்பதால் கூடுதலாக வருவது கொஞ்சமாகவே இருக்கும். தாய் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் வார்டில் நிலைமை வேறு. அங்கே பாட்டுக்கென்று கதவைத் திறந்தால் பாட்டோடு தாயும் உள்ளே வருகிறாள். அவளுடைய மார்புச் சூடும் பாலும் கையும் வருகின்றன. ஆய்வாளர்கள் பாட்டை மட்டும் தனியே பிரித்து அளக்க முயல்கிறார்கள், அது அவர்கள் கடமை. நம் வார்டுகளுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

தாய் வழியாக

குழந்தை பால் குடிப்பதற்கும் பாட்டுக்குமான தொடர்பில் மிக உறுதியான இழை தாயின் உடம்பு வழியே ஓடுகிறது என்று நினைக்கிறேன். குறைமாதத்தில் பெற்றவளுக்கு மார்பு கட்டுவதே தாமதம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சி எடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். பிள்ளையைப் பார்க்காமல், தொடாமல், பயத்தோடு உட்கார்ந்து பீய்ச்சுகிறவளுக்குப் பால் இறங்காது. பதற்றம் கூடும்போது பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடாசின் சுரப்பு தடைபடுகிறது. 'பால் ஊறவே மாட்டேங்குது' என்று அவள் அழுவதற்கும் இந்த உடலியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இந்திய மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் 30 பேரை வைத்து 2015-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், இசை கேட்டுக்கொண்டு பீய்ச்சிய நாட்களில் பால் அளவு கூடியது. எச்சிலில் அழுத்தச் சுரப்பான கார்டிசால் குறைந்தது. அமெரிக்காவில் 162 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2012-லேயே இதே திசையைக் காட்டியிருந்தது. அங்கே பாலின் அளவோடு கொழுப்பும் கூடியது. குழந்தையின் காதுக்குள் எதையும் ஒலிக்க விடாமலேயே அதன் வயிற்றுக்கு உதவ முடியும் என்பதுதான் இவற்றின் பொருள். அந்தத் தாய்க்குப் பிடித்தது ராஜாவின் பாட்டென்றால் அதுவே போதும்.

அடுத்தது மார்போடு மார்பாக அணைக்கும் கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் பெட்டிகள் போதாத நெருக்கடியில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் இந்தியாவும் ஒரு களம், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 விழுக்காடு; வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு. ஆய்வைப் பாதியில் நிறுத்தி எல்லோருக்கும் இதையே செய்யச் சொல்லும் அளவுக்கு அது தெளிவான வித்தியாசம். இப்படி அணைத்தபடியே தாய் பாடினால்? அர்னோன் குழு 86 தாய் சேய் இணைகளிடம் பார்த்து 2014-இல் சொன்னது: அணைப்பு மட்டும் இருந்தபோதைவிட, பாட்டும் சேர்ந்தபோது குழந்தையின் இதயத் துடிப்பில் சமநிலை கூடியது, தாயின் பதற்றம் குறைந்தது.

ஸ்டான்ட்லியின் சூப்பான் கருவியை நம் மருத்துவமனைகளுக்கு வாங்கிப் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பாட்டிலையும் சூப்பானையும் தாய்ப்பால் பிரிவுகளில் தவிர்க்கத்தான் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டமே பாட்டில்களின் விளம்பரத்தைத் தடுக்கிறது. அந்தக் கருவியின் தத்துவத்தை வேறு விதமாகக் கொண்டுவர முடியும். டியூப் வழியே பால் இறங்கும் நேரத்தில், முன்பே பீய்ச்சிக் காலியாக்கிய மார்பில் குழந்தையை வைத்து வெறுமனே சப்ப விடுவது இங்கே ஏற்கெனவே உள்ள முறை. வயிறு நிறைவதையும் வாய் சப்புவதையும் குழந்தை இணைத்துக்கொள்கிறது. அப்போது தாய் மெல்ல முனகிப் பாடினால், வாண்டர்பில்ட் ஆய்வு கருவி கொண்டு செய்ததன் பெரும்பகுதி காசில்லாமல் நடக்கும்.

இந்தியாவில் இதற்குக் கொள்கைத் தடை இல்லை. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் மருத்துவர் ஆர்த்தி மரியா முன்னெடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக, பச்சிளங்குழந்தை வார்டுக்குள் பெற்றோரை அனுமதித்துப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது. கை கழுவுதல், மேலங்கி, டியூப் பாலைப் பிடித்துக்கொள்ளுதல், அணைத்தல் எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் இடநெருக்கடியும் தொற்றுப் பயமும் செவிலியர் பற்றாக்குறையும் குறுக்கே நிற்கின்றன. அவை பொய்க் காரணங்கள் இல்லை. ஒரு செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் 'கொஞ்சம் வெளிய இரும்மா' என்று சொல்வதன் பின்னால் இருக்கும் களைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை தெரிந்த தாய் அந்தக் களைப்பைக் குறைக்கிறாள் என்பதையும் அந்த வழிகாட்டுதலே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

எந்தப் பாட்டு

நம்மிடம் இசை மருத்துவம் என்றவுடன் எழும் முதல் கேள்வி, எந்த ராகம் என்பதுதான். குன்னக்குடி வைத்தியநாதன் ராக ஆராய்ச்சிக்கென்று ஒரு மையத்தையே சென்னையில் நடத்தினார். இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற பட்டியல்கள் புத்தகங்களாகவும் வாட்ஸப் செய்திகளாகவும் சுற்றுகின்றன. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சையை முறையான படிப்பாகவும் மருத்துவமனைப் பணியாகவும் சுமதி சுந்தர் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது இதற்கு மாறான, பொறுப்பான பாதை. நோயாளியைப் பார்த்து இசையைத் தேர்வது. குறைமாதக் குழந்தைக்கு இந்த ராகம்தான் என்று சொல்லப் போதிய சான்று இன்று எவரிடமும் இல்லை. நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போனது, உண்மை. ஆனால் ஒரு வித்துவானின் நீலாம்பரிப் பதிவைவிட, சுருதி சேராத தாயின் குரல் அந்தக் குழந்தைக்குப் பழக்கமானது.

தாலாட்டின் கட்டமைப்பைப் பார்த்தால் மேலே சொன்ன ஆய்வுகள் தேடிய குணங்கள் அதில் இருக்கின்றன. சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும் மெட்டு. திரும்பத் திரும்ப வரும் ராராட்டு. தொட்டில் ஆடும் வேகம். வார்த்தை மறந்தால் முனகலில் ஓட்டிக்கொள்ளலாம். திடீர் ஏற்றம், அதிர்ச்சி எதுவும் கிடையாது.

இந்த விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் பதிகம் நமக்குக் கிடைக்கும் பழைய தமிழ்த் தாலாட்டுகளில் முதன்மையானது. அதே பெரியாழ்வார் திருமொழியில் இன்னொரு பதிகம், பால் குடிக்காமலே தூங்கிப்போன கண்ணனை எழுப்பி முலையுண்ண அழைக்கும் யசோதையின் பாட்டு. இதை வைத்து அந்தக் காலத்திலேயே இசை சிகிச்சை இருந்தது என்று சொல்வது ஆழ்வாருக்கும் நியாயமில்லை, அறிவியலுக்கும் நியாயமில்லை. ஆனால் பால் நேரம் தவறித் தூங்கும் பிள்ளை என்பது குறைமாத வார்டின் அன்றாடச் சிக்கல். ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் பாலாடையை வாயில் வைத்தால் புரையேறும். அரைவிழிப்புக்குக் கொண்டுவந்தபின் புகட்ட வேண்டும். உலுக்காமல், காலில் சுண்டாமல், குரலால் எழுப்பும் மரபு இந்த மண்ணில் பாட்டாகவே இருக்கிறது. அதை ஒரு பயிற்சிச் செவிலியர் வகுப்பில் சொன்னால் யாருக்கும் புரியும்.

ராஜபாளையத்தில் ராஜூக்கள் வீட்டில் தெலுங்கில் ஜோலைப்பாட்டு பாடுவார்கள், கரிசல் காட்டு நாயக்கர் வீடுகளிலும் அப்படியே. தேவாலயத்தில் வளர்ந்த பெண் கீர்த்தனை பாடுவாள். பள்ளிவாசல் தெருக்காரி ஓதுவதைப் போல இழைப்பாள். இன்றைய இருபது வயதுத் தாய்க்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டாக இருக்கலாம். எல்லாமே சரி. லோவியின் குழு செய்ததும் அதைத்தான்: வேகத்தைக் குறை, குரலைத் தாழ்த்து, ஒரு வரியையே திரும்பப் பாடு. தாலாட்டு தெரியாதே என்று தயங்குகிறவளுக்குப் பக்கத்தில் அப்பத்தா இருந்தால் அவள் சொல்லிக்கொடுப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் மெட்டில் நெருங்கியவை என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். பிழைக்குமா பிழைக்காதா என்ற நிலையில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பாடத் தொடங்கும் தாய் இரண்டாவது வரியில் உடைந்து அழுவாள். அப்போது அவளை வெளியே அனுப்பிவிடக் கூடாது. அவள் தேறி மறுபடி தொடங்கும்வரை தோளில் கை வைத்து ஒருவர் கூட நின்றால் போதும். இசை சிகிச்சையாளர்களின் பயிற்சியில் பெரும்பகுதி உண்மையில் இதற்கானதுதான்.

செய்யும் முறை

32 வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாட்டை விடக் குரலே போதும். தாழ்ந்த முனகல், இரண்டு மூன்று நிமிடம், அதுவும் மருத்துவர் சம்மதித்தால். அதன்பின் மெல்ல நீட்டலாம். பேசும் குரலை விடத் தாழ்வாக, குழந்தையின் மூச்சு ஏறி இறங்கும் வேகத்தைக் கவனித்துப் பாட வேண்டும். குழந்தை விரல்களை விரித்து நீட்டினால், விக்கினால், முகத்தைத் திருப்பினால், நிறம் மாறினால், மானிட்டரில் ஆக்ஸிஜன் இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். போதும் என்று சொல்ல அதற்கு வேறு மொழி கிடையாது. பாலாடையால் புகட்டும்போது பாட்டைப் பால் கொடுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. விழுங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை வேண்டாம். செல்போனைப் பெட்டிக்குள் வைத்துப் பாட்டு போடுவது கூடவே கூடாது. அந்தச் சின்ன இடத்தில் ஒலி எதிரொலித்துப் பெருகும். போனின் மேல் இருக்கும் கிருமியும் உள்ளே போகும். தாய் வேறு ஊரில் படுத்திருக்கிறாள் என்றால், அவள் பாடியனுப்பிய பதிவைச் செவிலியர் பெட்டிக்கு வெளியே, தாழ்ந்த ஒலியில், கொஞ்ச நேரம் கேட்கச் செய்யலாம். நேரில் பாடுவதற்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

தகப்பன் பாடக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: பாடலாம், பாட வேண்டும். அவன் மார்பிலும் கங்காரு அணைப்பு செய்யலாம். வெட்கம்தான் தடை. செவிலியர் ஒருவர் 'நீங்களும் பாடுங்கண்ணே' என்றால் பாதி வெட்கம் போய்விடும்.

விருதுநகர் மாவட்டத் தலைமை மருத்துவமனை 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானது. அங்கே இனி ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மேற்படிப்பு மாணவர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெளிநாட்டு ஆய்வுகள் எதுவும் தெளிவாகப் பதில் சொல்லாத கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது: பாலாடை வழியே குடிக்கும் குழந்தைக்கு, மார்பில் அணைத்தபடி தாய் பாடுவது, முழுதும் தாய்ப்பாலுக்கு மாறும் நாளை முன்னால் கொண்டுவருமா? இதற்குப் புதுக் கருவி வேண்டாம். ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி போனது, அதில் டியூபில் எவ்வளவு, பாலாடையில் எவ்வளவு, காலை எடை எவ்வளவு, தாய் பீய்ச்சிய பால் எவ்வளவு என்பதை வார்டுச் செவிலியர்கள் ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போட்டு, தாய் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தாள், பாடினாளா என்று எழுதத் தொடங்கினால் போதும். முதல் ஆறு மாதத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தாலே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.